டயர் தாங்கும் பாரம்

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் தாங்குவது காற்று. அக்காற்றைக் கட்டிக் காப்பது ரப்பரினுள் மறைந்திருக்கும் நூலடுக்கு.

காற்றடைத்த சக்கரத்துக்கு ஸ்காட்லாந்தினரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இலேயே காப்புரிமை பெற்றார். அது வழக்கில் நிலைக்கவில்லை. பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மைந்தனின் மூன்று சக்கர வண்டிக்கெனச் செய்து, 1888-இல் காப்புரிமை பெற்ற டயரே நிலைத்தது. மோட்டார் வண்டிகள் பெருகவே, பாரத்துக்கேற்பப் பருத்தி நூலடுக்குகளைக் கூட்டினர். அடுக்கின் எண்ணே வலிமைக்கு அளவாயிற்று. பின்னர் ரேயானும் நைலானும் எஃகுக் கம்பியும் வந்தன. 1946-இல் மிஷலின் நிறுவனம் காப்புரிமை கோரிய ரேடியல் டயர் பரவியபின் அடுக்குகள் மேலும் குறைந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. இன்று ‘பத்துப் பிளை’ எனப்படும் டயரை அறுத்துப் பார்த்தால் பத்து அடுக்குகள் இரா.

ஆகவே டயரின் பக்கத்தில் பொறித்த பார எண்ணையே நோக்க வேண்டும். 100 எனில் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 112 எனில் 1,120 கிலோ. 121 எனில் 1,450 கிலோ. குறித்த காற்றழுத்தம் இருந்தால்தான் இக்கணக்குச் செல்லும்.

மணலிலும் சேற்றிலும் சிறு சரக்கு வண்டி ஓட்டுவோர் ஆழ்ந்த பட்டன் கொண்ட டயரை நாடுவது இயல்பு. பட்டன் பிடிப்பைத் தரும், பாரத்தைத் தாங்காது. வண்டிக்கு விதித்ததினும் குறைந்த எண்ணுள்ள டயரைப் பூட்டிப் பாரம் ஏற்றினால், பக்கச்சுவர் மிகுதியாக மடிந்து சூடேறும். ஓட்டத்தில் வெடிக்கவும் கூடும். அவ்வேளை ஆபத்து ஓட்டுநருக்கு மட்டுமன்று, எதிரே வருவோருக்கும் உண்டு.