கண்ணாடிக்குள் ஓர் எறும்பு வளை

தாமல் ஏரியை ஒட்டிய வயல்வெளியில், அறுவடை முடிந்த களத்து மேட்டில் தரையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சிறு துளை ஒன்று இருக்கும். அதைச் சுற்றி உமியும் விதைத் தோலும் குவிந்து கிடக்கும். சில எறும்புகள் கேழ்வரகையும் புல் விதையையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். வேறு சில உமியைக் கொண்டுவந்து வெளியே போடும். இடையில் மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது?

இதே கேள்வி முன்பு ஒரு மருத்துவரைத் திகைக்க வைத்தது. 1836-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராகப் பணிபுரிந்த தாமஸ் ஜெர்டன்தான் அவர். பறவை நூல்களால் பெயர் பெற்றவர். 1851-இல் சென்னையில் வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டார். தோட்டத்தில் விதைத்த முட்டைக்கோஸ், முள்ளங்கி விதைகள் ஒரே இரவில் காணாமற் போவதையும், தம் அறையிலிருந்த விதைப் பொட்டலங்களை எறும்புகள் காலி செய்துவிட்டதையும் அதில் எழுதியுள்ளார். ஆனால் அவை விதையைத் தின்கின்றனவா, புழுக்களுக்கு ஊட்டுகின்றனவா என்பது தமக்குத் தெரியவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். விஞ்ஞானிக்கு அழகான வாக்கியம் அது!

அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர், எறும்பு தானியம் சேர்க்கும் என்பதையே நம்பவில்லை. அவர்களுடைய குளிர்நாட்டு எறும்புகள் சேர்ப்பதில்லை. பழங்காலத்தார் கூட்டுப்புழுக்களைத் தானியம் என்று தவறாக எண்ணிவிட்டனர் என்றே விளக்கம் சொன்னார்கள். நம் ஊர்க் களத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் அந்த விளக்கம் பிறந்தே இருக்காது!

விடை கிடைத்தது ஒரு கண்ணாடி ஜாடியில். ஜான் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் நுரையீரல் நோயாளி. உடல்நலம் கருதி, குளிர்காலத்தைத் தென் பிரான்சின் மான்டோன் நகரில் கழித்தவர். அங்கே தானிய எறும்புகளை ராணியோடும் புழுக்களோடும் பிடித்து, மண் நிரப்பிய ஜாடியில் வளர்த்தார். எறும்புகள் விதையின் மாவுப் பகுதியைத் தாடையால் சுரண்டித் தின்பதைக் கண்ணால் கண்டார். முளைவிட்ட விதையின் வேர்நுனியை அவை கடித்தெறிந்து, மேலும் வளராமல் தடுப்பதையும் கண்டுபிடித்தார். 1873-இல் இதை நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 32.

எறும்பு வளர்ப்பை மேசைமேல் ஏற்றியவர் ஜான் லப்பக். லண்டனில் வங்கித் தொழில், நாடாளுமன்ற உறுப்பினர் பதவி, இவற்றுக்கிடையே எறும்புகள்! இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விட்டு, அதில் மண் நிரப்பினார். எறும்பு எங்கும் ஒளிய முடியாது. தப்பி ஓடாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர் அகழி அமைத்தார். வண்ணக் கண்ணாடிகளைக் கூட்டின்மேல் வைத்தபோது, எறும்புகள் ஊதாவை விட்டு விலகிச் சிவப்பின் கீழ் கூடின. மனிதக் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை எறும்பு உணர்கிறது என்பதும் அவருடைய சோதனைகளில் வெளிப்பட்டது. அவர் வளர்த்த ராணி எறும்பு ஒன்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் உயிர் வாழ்ந்து 1888-இல் மடிந்தது.

ஜெர்டன் 1851-இல் பெயரிட்ட தாவும் எறும்பு இன்று அமெரிக்க ஆய்வுக்கூடப் பெட்டிகளில் வளர்கிறது. ராணி இறந்ததும் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் போட்டியிடும். வென்றவை முட்டையிடத் தொடங்கும். அவற்றின் மூளையும் சிறுத்துவிடும். அவற்றை மீண்டும் வேலைக்காரராக்கினால் மூளை பழைய அளவுக்கு வளர்கிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இப்பொழுது எறும்பு வளர்ப்பு உலகெங்கும் பரவிய பொழுதுபோக்கு. வழி எளிது. மழைக்குப் பின் சிறகு உதிர்த்த ராணியை, தண்ணீரும் பஞ்சும் வைத்த சோதனைக் குழாயில் விடுவார்கள். (ஈசலை எடுத்துவிடாதீர்கள், அது கரையான் இனம். எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும்.) பல இனங்களின் ராணி பறக்கும் தசையையே கரைத்து முதல் புழுக்களுக்கு ஊட்டுகிறாள். ஆகையால் இரையும் தேவையில்லை. இந்த வசதியே கடத்தலுக்கும் வழி செய்தது. 2025 ஏப்ரலில் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் சுமார் 5000 ராணி எறும்புகளுடன் பிடிபட்டனர். எல்லாம் பஞ்சு அடைத்த குழாய்களில்! பெரும்பாலானவை தானியம் சேர்க்கும் எறும்புகள். மே மாதம் நீதிமன்றம் 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதமும், கட்டத் தவறினால் ஓராண்டுச் சிறையும் விதித்தது. ஒரு ராணியை எடுப்பது, தோன்றவிருந்த ஒரு குடியிருப்பையே எடுப்பதாகும். வேற்று நாட்டு மண்ணில் அது தப்பினாலோ, அங்கிருக்கும் எறும்புகளுக்கு ஆபத்து.

நீங்கள் பார்ப்பதற்கு ராணி வேண்டியதில்லை. அகன்ற வாய்ப் புட்டி ஒன்றை எடுத்து, நடுவில் சிறு புட்டியைக் கவிழ்த்து வையுங்கள். இடைவெளியில் ஈர மண்ணைப் போட்டால் எறும்புகள் கண்ணாடி ஓரமாகவே வளை தோண்டும். களத்தில் கேழ்வரகு தூவி, ஒரே துளையைச் சேர்ந்த ஐம்பது எறும்புகளைக் காகிதத்தில் ஏற்றி உள்ளே விடுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டி, தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். வெயில் படக்கூடாது. பார்க்காத நேரத்தில் கறுப்புத் தாள் சுற்றியிருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அதே துளையருகே விட்டுவிடுங்கள். அதற்கிடையில் மண்ணை ஒருநாள் சற்று அதிகமாக நனைத்து, விதைகள் முளைவிடுகின்றனவா, வேர்நுனி கடிபட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள்.