வழக்கறிஞர் மேரி ஆன் கிளெண்டன்: திருப்பீடத்தின் தூதுக்குழுத் தலைவி, திருப்பீடத்திற்கான தூதுவர்

தூதுவர் என்றதும், திருத்தந்தை நாடுகளுக்கு அனுப்பும் பேராயர்களே நம்மில் பலரின் நினைவுக்கு வருவார்கள். ஆனால் நாடுகள் திருப்பீடத்திற்கு அனுப்பும் தூதுவர்கள் பெரும்பாலும் பொதுநிலையினர். அவர்களுள் ஒருவரான மேரி ஆன் கிளெண்டன் அம்மையாரின் வாழ்வை நாம் அறிந்திருப்பது நல்லது.

1938-ம் ஆண்டு அக்டோபர் 7 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1961-ல் சட்டப் பட்டம் பெற்று, 1968 வரை அந்நகரில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1964-ல் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் கொழுந்துவிட்டெரிந்த மிசிசிப்பி மாநிலத்திற்குச் சென்று தன்னார்வமாகச் சட்ட உதவி செய்தார். பின்னர் பாஸ்டன் கல்லூரியிலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் சட்டம் கற்பித்தார்.

1995-ம் ஆண்டு செப்டம்பரில் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் ஐ.நா. நடத்திய நான்காவது உலகப் பெண்கள் மாநாட்டிற்கு, திருப்பீடத்தின் குழுவைத் தலைமையேற்று நடத்தும் பொறுப்பைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இவரிடம் ஒப்படைத்தார். திருப்பீடத்தின் தூதுக்குழு ஒன்றுக்குப் பெண் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை. புறப்படுமுன் அக்குழுவிடம் திருத்தந்தை ஒரு வாக்குறுதியும் தந்தார்: உலகெங்கும் உள்ள மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட கத்தோலிக்க நிறுவனங்கள் சிறுமியருக்கும் இளம்பெண்களுக்கும், குறிப்பாக மிக ஏழைகளானவர்களுக்கு, முன்னுரிமை அளிக்கும் என்பதே அது. நம் பங்குகளில் பள்ளிகளும் விடுதிகளும் நடத்துகிற நாம் இதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்!

மாநாட்டில் அவருடைய வேலை எளிதாக இல்லை. பெண்களின் கல்வி, வறுமை ஒழிப்பு, வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவற்றைத் திருப்பீடம் முழுமனதோடு ஆதரித்தது. கருக்கலைப்பு தொடர்பான பகுதிகளை ஏற்க மறுத்தது. அதில் தம் சொந்த நாட்டு அரசின் நிலைப்பாட்டிற்கே எதிராக அவர் பேச வேண்டியிருந்தது. இறுதி ஆவணத்தை முற்றாகத் தள்ளிவிடாமல், ஏற்கத்தக்கதை ஏற்று மற்றவற்றிற்கு மறுப்பைப் பதிவு செய்தது அக்குழு. வழக்கறிஞருக்குரிய நிதானம் அதில் தெரிகிறது.

2001-ல் மனித உரிமைகள் உலகப் பிரகடனம் உருவான வரலாற்றை நூலாக எழுதினார். 2004 முதல் பத்தாண்டுகள் திருப்பீடத்தின் சமூக அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார்.

அமெரிக்காவும் திருப்பீடமும் முழுமையான தூதரக உறவு கொண்டதே 1984-ல்தான். அதிபர் ஜார்ஜ் புஷ் கிளெண்டனைத் தூதுவராக நியமிக்க, 2008 பிப்ரவரி 29 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டிடம் அவர் தம் நியமனச் சான்றுகளை அளித்தார். பெய்ஜிங்கில் திருப்பீடத்திற்காகப் பேசியவர், இப்போது மேசையின் மறுபக்கத்தில்! அவ்வாண்டு ஏப்ரலில் திருத்தந்தை அமெரிக்கா சென்று, ஐ.நா. அவையில் மனித உரிமைகள் குறித்தே உரையாற்றினார். ஆட்சி மாறியதால் 2009 ஜனவரியில் பதவி முடிந்தது, ஓராண்டுகூட நிறையவில்லை.

அதன்பின் நடந்ததுதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. நோத்ர் டாம் பல்கலைக்கழகம் 1883 முதல் அமெரிக்கக் கத்தோலிக்கருக்கு வழங்கிவரும் உயரிய விருது லெத்தாரே பதக்கம். தவக்காலத்தில் நாம் ரோஜா நிற உடை அணியும் நான்காம் ஞாயிற்றின் பெயர் அது. 2009-ல் அது கிளெண்டனுக்கு அறிவிக்கப்பட்டது. அதே விழாவில் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த அதிபர் ஒபாமாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டமும் அளிக்கப்படவிருந்தது. அத்தகையோருக்குக் கத்தோலிக்க நிறுவனங்கள் சிறப்புச் செய்யலாகாது என்று அமெரிக்க ஆயர்கள் 2004-லேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிளெண்டனும் பேசுவார் என்பதையே பல்கலைக்கழகம் தன் செயலுக்குச் சமாதானமாகக் காட்டியபோது, ஏப்ரல் இறுதியில் அவர் கடிதம் எழுதிப் பதக்கத்தை மறுத்துவிட்டார். கூச்சல் இல்லை, போராட்டம் இல்லை. நாட்டின் அதிபருக்கு மரியாதை செய்வதில் தவறென்ன என்று வாதிட்ட நல்ல கத்தோலிக்கரும் உண்டு. அவர்கள் வாதத்தையும் நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் இன்னொருவர் தவறை மறைக்கும் திரையாகத் தாம் பயன்படக்கூடாது என்று அவர் எண்ணியது சரியே என நமக்குப் படுகிறது. அவ்வாண்டு பதக்கம் வேறு எவருக்கும் வழங்கப்படவில்லை.

2013-ல் திருத்தந்தை பிரான்சிஸ், வத்திக்கான் வங்கியை ஆராய அமைத்த ஐவர் குழுவில் இவரையும் சேர்த்தார். அக்குழுவில் அவர் ஒருவரே பெண். மூன்று திருத்தந்தையரின் கீழ் பணியாற்றிய இந்த அனுபவங்களை, தம் 85-வது வயதில், 2024-ல் நூலாக வெளியிட்டார்.