நிற்கும் காற்றாலையும் இறக்கைக் கோணமும்

காற்றாலையின் இறக்கையை அதன் நீளவாக்கு அச்சிலேயே திருப்பி, காற்று அதன்மேல் படும் கோணத்தை மாற்றும் ஏற்பாடு இறக்கைக் கோணக் கட்டுப்பாடு எனப்படும். காற்றாலைத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் ‘பிட்ச்’ என்றே சொல்வார்கள். இயந்திரம் ஓடும்போது மின்உற்பத்தியைச் சீராக வைப்பது இதன் அன்றாட வேலை. ஓடாமல் நிற்கும்போது இயந்திரத்தைக் காப்பாற்றுவதும் இதுதான். பெரும்பாலோர் கவனிக்காத பகுதியும் அதுவே.

கோவில்பட்டிக்குத் தெற்கே, கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவலைக் கடந்து கயத்தாற்றை நோக்கிப் போனால் கரிசல்காடு முழுக்கக் காற்றாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை இந்தப் பக்கம் வீசும். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. நாட்டுக்கான காற்றாலைச் சோதனை நிலையமும் டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாற்றிலேயே அமைக்கப்பட்டது. பள்ளிக்கரணையில் தலைமையகம் கொண்ட தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அதை நடத்துகிறது.

ஆடி மாதத்தில் மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும் நேரத்திலும் வரிசையில் ஓரிரண்டு காற்றாடிகள் சும்மா நிற்கும். பேருந்தில் போகிறவர்கள் ‘ரிப்பேர் போல’ என்று சொல்லிவிடுகிறார்கள். சில உண்மையிலேயே பழுதுதான். ஆனால் மின்தொகுப்பு தாங்காது என்று நிறுத்தச் சொல்லப்பட்டவையும் உண்டு. காற்று முழு வேகத்தில் இருக்க, அதை வாங்காமல் நிற்பது அந்த இயந்திரம் செய்யும் வேலை.

எப்படி நிற்கிறது? ஓடும்போது இறக்கையின் கோணம் ஏறக்குறைய 0 பாகை. நிறுத்த ஆணை வந்ததும் இறக்கையின் அடியில் உள்ள மோட்டாரோ ஹைட்ராலிக் உருளையோ அதை 90 பாகைக்குப் பக்கமாகத் திருப்பிவிடுகிறது. தூற்றுகிற களத்தில் முறத்தை மேல்காற்றுக்கு நேராகப் பிடித்தால் ஆளையே தள்ளும். விளிம்பைக் காட்டிப் பிடித்தால் கை அசையாது. இங்கே நடப்பதும் அதுதான். சுற்றுவிசை அற்றுப்போகிறது, கோபுரத்தைத் தள்ளும் விசையும் பெருமளவு குறைகிறது.

அந்த விசை சாமானியமானதல்ல. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். ஓர் இயந்திரம் முழு உற்பத்தியை எட்டும் காற்று வேகம் விநாடிக்கு 12 மீட்டர் அளவில் இருக்கும். 25 மீட்டரைத் தொட்டால் பொதுவாகத் தானே நின்றுகொள்ளும். ஆனால் குறைந்த காற்றுப் பகுதிகளுக்கான மூன்றாம் வகை இயந்திரம்கூட, 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 52.5 மீட்டர் சூறையைத் தாங்கவேண்டும் என்கிறது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவிதி. 12 மீட்டர் காற்றின் அழுத்தத்தைப்போல அது 19 மடங்கு. அந்தச் சூறையை இயந்திரம் நின்ற நிலையில்தான் சந்திக்கும் என்பதால், ‘நிறுத்த நிலை’க்கென்றே தனிக் கணக்குகள் அந்த விதியில் உண்டு.

நிறுத்திய காற்றாலையைப் பிரேக் போட்டு இறுக்கி வைப்பதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இறக்கைகளைத் திருப்பிவிட்டு, சுழலியை அதன்போக்கில் மெதுவாக அசைய விடுவார்கள். ஒரே இடத்தில் பூட்டி வைத்தால் காற்றின் அதிர்வில் பற்சக்கரமும் பேரிங்கும் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளியிலேயே தேய்ந்து குழி விழும். எண்ணெய்யும் மற்ற இடங்களுக்குப் பரவாது. ஆமைவேகத்தில் சுற்றும் காற்றாடி மின்சாரம் எதுவும் தருவதில்லை. அது ஓய்வில் இருக்கிறது.

எல்லாக் காற்றாலைக்கும் இந்த வசதி இல்லை. தொண்ணூறுகளில் இந்த வட்டாரத்தில் நட்ட சிறு இயந்திரங்கள் பலவற்றில் இறக்கை அச்சோடு அசையாமல் முடுக்கப்பட்டிருக்கும். காற்று மிஞ்சினால் இறக்கையின் வடிவமே தூக்குவிசையை இழக்கும்படி செய்திருப்பார்கள். நிறுத்துவதற்கு இறக்கையின் நுனித்துண்டு மட்டும் குறுக்கே திரும்பும்; மிச்சத்தை டிஸ்க் பிரேக் பார்த்துக்கொள்ளும். கயத்தாற்றுப் பக்கம் சாலையோரத்தில் நின்று பார்த்தால், நின்றுபோன பழைய காற்றாடியின் நுனி ஒடிந்து முறுக்கிக்கொண்டதுபோலத் தெரியும். ஒடியவில்லை, அதுதான் அதன் பிரேக். அதே காலத்தில் வந்த வெஸ்டாஸ் 225 கிலோவாட் இயந்திரம் முழு இறக்கையையும் திருப்பும் ரகம்.

கோணக் கட்டுப்பாட்டின் உண்மையான சோதனை மின்சாரம் போகும்போது வருகிறது. மின்தொகுப்பு திடீரென்று அறுந்தால் ஜெனரேட்டரின் சுமை மறைந்து, சுழலி சில விநாடிகளில் கட்டுமீறி வேகமெடுக்கும். இறக்கையைத் திருப்பும் மோட்டாருக்கு வெளி மின்சாரமும் இல்லை. ஆகவே மூன்று இறக்கைக்கும் தனித்தனியாக பேட்டரியோ மீமின்தேக்கியோ ஹைட்ராலிக் அழுத்தக் கலனோ சுழலியின் மையக்குடத்துக்குள்ளேயே இருக்கும். ஒன்று கைவிட்டாலும் மற்ற இரண்டு திரும்பினால் இயந்திரம் அடங்கிவிடும் என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். கரிசல் வெயிலில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. பராமரிப்பில் கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பெட்டிதான்.

இந்த உத்திக்கு ஹெலிகாப்டர் நெருங்கிய உறவு. அங்கே விமானியின் இடப்பக்கம் உள்ள ‘கலெக்டிவ்’ நெம்புகோல் எல்லா இறக்கைகளின் கோணத்தையும் ஒருசேர மாற்றும். தரையில் நிறுத்தியதும் அதை முழுக்கக் கீழிறக்கி இறுக்கிவிடுவார்கள். காற்று அள்ளிவிடாதபடி இறக்கைகளை வாரால் கட்டுவார்கள். கப்பலில் இறக்கையை மடக்கி வைக்கும் கடற்படை ஹெலிகாப்டர்களில், மடக்குமுன் கோணத்தைப் பூட்டுவது தனி வேலை. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலும், உச்சிப்புளியில் 2009-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். பருந்திலும் உள்ளவர்களுக்கு ஹெலிகாப்டரை நிறுத்திக் கட்டுவது அன்றாடப் பணி. ஹெலிகாப்டரின் சுழலி படுத்திருக்கிறது, காற்றாலையின் சுழலி நிமிர்ந்திருக்கிறது. ஆகவே ஒன்று ஓய்வில் தட்டையாக இருக்கவேண்டும், மற்றது 90 பாகை திரும்பவேண்டும். காற்றுக்கு விளிம்பைக் காட்டுவதே இரண்டின் நோக்கமும்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. இறக்கை விளிம்பைக் காட்டுவது, காற்று முன்னாலிருந்து வரும்வரைதான். புயல் கடக்கும்போது காற்று திசை மாறும். கோபுர உச்சியிலுள்ள கூட்டை அதற்கேற்பத் திருப்ப மின்சாரம் வேண்டும். மின்கம்பி அறுந்திருந்தால் காற்று பக்கவாட்டில் வந்து, ஒடுங்கி நிற்கும் இறக்கையின் முழுப் பரப்பிலும் அறையும். 2003 செப்டம்பரில் ‘மேமி’ சூறாவளி ஜப்பானின் மியாகோ தீவைத் தாக்கியபோது அங்கிருந்த ஆறு காற்றாலைகளும் சேதமடைந்தன, மூன்று சாய்ந்தன. மின்தொடர்பு இல்லாமல் முகம் திருப்ப முடியாததும் ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்களில் ஒன்று. நம் நாட்டில் 1998 ஜூன் புயலில் போர்பந்தர் அருகே லாம்பா காற்றாலைப் பண்ணை பெரும் சேதத்துக்கு ஆளானது.

மையக்குடத்துக்குள் ஆள் இறங்கும்போது மட்டும் நிலைமை வேறு. அப்போது சுழலியை இரும்பு முளையால் பூட்டி, ஒரு நேரத்தில் ஓர் இறக்கையை மட்டுமே திருப்பிப் பார்ப்பார்கள். குறித்த வேகத்துக்கு மேல் காற்றிருந்தால் உள்ளே போக அனுமதியில்லை. அதனால் பேரிங்குக்கு கிரீஸ் இடுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் காற்றுக்காலம் தொடங்குமுன் முடித்துவிடவேண்டியவை.

2024-இல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தனிக் கொள்கை வெளியிட்டது. நுனி மட்டும் திரும்பும் சிறு இயந்திரங்கள் எடுக்கப்படும் இடங்களில் இனி நடப்படுபவை, அடியிலிருந்து முழு இறக்கையும் திரும்பும் பெரிய இயந்திரங்களே.