நெடுந்தீவுக் குதிரைகளுக்கு யார் தண்ணீர் வைக்கிறார்கள்?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வகுப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடந்த பங்குனியில் அந்தப் பிள்ளைகளை நெடுந்தீவுக்கு அழைத்துப்போனோம். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று பஸ்ஸில் போய், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினோம். ஒரு மணித்தியாலக் கடல் பயணம். பாதிப் பிள்ளைகளுக்குத் தலைசுற்று.

பெருக்க மரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு எல்லாம் பார்த்துவிட்டுத் தெற்குப் புல்வெளிக்குப் போனபோது குதிரைகள் நின்றன. பிள்ளைகளின் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், இதுகளுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?"

குதிரைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். "ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போனது" என்ற ஒற்றை வரி எங்கள் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான பதிலைத் தேடியபோது சேர்ந்தவை.

முதலில் அந்த ஒற்றை வரியைப் பார்ப்போம். அது பொய் இல்லை. ஆனால் கதையை நடுவில் இருந்து தொடங்குகிறது. குறிகட்டுவானில் இருந்து மறுபக்கம் போகும் படகு நயினாதீவுக்குப் போகிறது. அங்கே நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து வெளியிட்டார். அந்நிய வணிகர்கள் ஊர்காவற்றுறைக்கு வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டு, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் அது விதிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்குதான் அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கே. வேறு சரக்குக் கொண்டுவந்த கலமென்றால் சரி பாதி.

இந்த ஒரு விதிக்குள் ஒரு முழுத் தொழிலும் இருக்கிறது. குதிரை கொண்டுவருவது மற்றச் சரக்கைவிட ஆபத்தானது, மற்றச் சரக்கைவிட அரசனுக்குத் தேவையானது. ஆகவே வணிகனுக்குக் கூடுதல் சலுகை. போர்த்துக்கேயர் வருவதற்கு முந்நூறு வருடங்களுக்கும் மேலாக முன்பே, எங்கள் தீவுக் கடலில் குதிரைக் கப்பல் ஓடியது மட்டுமல்ல, அதற்குத் தமிழில் சட்டமும் இருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் வருடந்தோறும் நயினாதீவுக்குச் சுற்றுலா போகிறார்கள். அந்தக் கல்லை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

இதற்கும் பின்னால் போகலாம். அனுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரண்டு தமிழர்களைப் பற்றி மகாவம்சம் சொல்கிறது. அவர்களைக் குதிரைகளைக் கப்பலில் கொண்டுவந்த ஒருவனின் மக்கள் என்று அறிமுகப்படுத்துகிறது. நீதியாக ஆண்டார்கள் என்றும் சொல்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய காலம் அது. எதிர்க்கரையில் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை பதிந்திருக்கிறது. குதிரை இந்த மண்ணின் விலங்கு இல்லை. எங்கள் வெக்கையும் ஈரமும் அதற்கு ஒத்துவராதவை. அதனால்தான் அது எப்போதும் வாங்கப்படும் பொருளாகவே இருந்தது.

வாங்கினால் போதுமா? 1290களில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்த ஒரு விடயம் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. அந்நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்களில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2000க்கு மேல் குதிரைகளை ஓர்முஸ், ஏடன் போன்ற துறைமுகங்களின் வணிகர்களிடம் வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். காரணம், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்களை அந்த வணிகர்கள் இந்தப் பக்கம் வரவிடவில்லை என்கிறார். செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம். எண்ணிக்கையில் பயணி கொஞ்சம் கூட்டியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், குதிரையை விற்று அறிவை விற்காமல் வைத்திருந்த வியாபாரம் இன்றைக்கும் எங்களுக்குப் புரியக்கூடியதுதான்.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் நெடுந்தீவில் நடந்தது என்னவென்று விளங்கும். வாங்கிவந்த குதிரை இங்கேயே பெருக ஆரம்பித்தது. போர்த்துக்கேயர் தீவுக்கு வைத்த பெயர் 'பசுத்தீவு' என்ற பொருள் கொண்டது. மாடு மேய்க்க உகந்த நிலம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அங்கே அவர்கள் குதிரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரமான டெல்ஃப்ட்டின் பெயரைத் தீவுக்கு வைத்து, வளர்ப்பைப் பெரிதாக்கினார்கள். மதகுருவான பல்தேயஸ் 1672இல் வெளிவந்த தன் நூலில் இத்தீவின் குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்த அதிகாரி ஸ்வார்டெக்ரூன் 1697இல் தனக்குப் பின் பொறுப்பேற்பவர்களுக்கு விட்டுச்சென்ற குறிப்பேட்டிலும் குதிரை வளர்ப்பு பேசப்படுகிறது. இரணைதீவிலும் குதிரைகள் விடப்பட்டிருந்தன.

தீவு ஏன்? வேலி தேவையில்லை, கடலே வேலி. புலி, சிறுத்தை கிடையாது. மழைக்குப் பிறகு புல் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் தரை குளம்பை இறுக்கமாக்கும். வருடத்தில் சில தடவை வளைத்துப் பிடித்து, தேவையானதைப் பழக்கிக் கரைக்கு அனுப்பினால் போதும். கும்பனியின் கணக்கில் இது மிகக் குறைந்த செலவுள்ள தொழில். அந்தச் செலவைக் குறைத்தவர்கள் தீவின் சனங்கள் என்பதைத்தான் யாரும் எழுதவில்லை. வளைத்துப் பிடித்தவர்கள் யார், கிணற்றில் இருந்து தண்ணீர் இறைத்தவர்கள் யார், பவளக்கல் சுமந்து லாயம் கட்டியவர்கள் யார்? இன்று அந்த லாயத்தில் வரிசையாக நிற்கும் தூண்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறோம், நாங்களும் எடுத்தோம்.

பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்தில் நோலன் என்ற ஐரிஷ் அதிகாரியின் பொறுப்பில் தீவு இருந்தது. அவரைப் பற்றிய கதைகள் நிறைய. பிறகு வளர்ப்பு கைவிடப்பட்டது. இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படைகளுக்கு அவுஸ்திரேலியக் குதிரைகள் வரத் தொடங்கின. கொழும்பில் இருந்து கண்டிக்கு 1867இல் ரயில் ஓடியது. நெடுந்தீவின் சின்ன உடம்புக் குதிரைக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. மலைநாட்டிலோ குதிரை வேறு வடிவம் எடுத்தது. நுவரெலியாவில் 1875இல் பந்தயத் திடல் தொடங்கியது. இன்றும் சித்திரை மாதத்தில் அங்கே பந்தயம் நடக்கிறது. கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்திப் பிழைப்பவர்களைக் காணலாம். அங்கே குதிரைக்குச் சொந்தக்காரர் உண்டு, சேணம் உண்டு, கொள்ளு உண்டு. நெடுந்தீவில் விடப்பட்டவை விடப்பட்டவையாகவே நின்றுவிட்டன.

பத்திரிகைகளில் இவற்றைக் 'காட்டுக்குதிரை' என்று எழுதுகிறோம். அது சரியான சொல் இல்லை. காட்டுக்குதிரை என்றால் மனிதன் ஒருபோதும் பழக்காத குதிரை. மொங்கோலியாவில் உள்ள ஓர் இனத்தைத் தவிர அப்படி வேறு இல்லை என்பது பொதுவான கருத்து. இவை வீட்டுக் குதிரையின் பிள்ளைகள். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குச் சரியான சொல் இருக்கிறது: கட்டாக்காலி. கட்டி வளர்த்தவன் அவிழ்த்து விட்டுவிட்டான். பெயரை மாற்றினால் பொறுப்பும் மாறும். காட்டு விலங்கு என்றால் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாம். கட்டாக்காலிக்கு யாரோ பதில் சொல்ல வேண்டும்.

சரி, தண்ணீர். நெடுந்தீவு தட்டையான சுண்ணாம்புக் கல் தீவு. ஆறு கிடையாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் கனம் குறைந்தது என்பதால் இது நடக்கிறது. கிணற்றில் மெதுவாக இறைத்தால் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு மோட்டர் போட்டு இழுத்தால் அடியில் இருந்து உப்பு மேலேறி வரும். தீவின் பழைய சனங்கள் இதைப் பாடம் படித்து அறியவில்லை, துரவில் பட்டையால் அள்ளி அறிந்தார்கள். 200 கிலோ எடையுள்ள ஒரு மட்டக்குதிரைக்கு நாளுக்குப் பத்து லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வெயிலில் அது இரண்டு மடங்காகும். வைகாசி பிறந்தால் குட்டைகள் காயத் தொடங்கும். ஆடி, ஆவணியில் வெறும் வெடித்த சேறு. வரட்சி கடுமையான ஆண்டுகளில் குதிரைகள் செத்துக்கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

புல்வெளியின் ஓரத்தில் மாடு தேடி வந்த ஒரு முதியவரிடம் அந்தப் பிள்ளையின் கேள்வியைக் கேட்டோம். சிரித்தார். "தம்பி, மாட்டுக்கு இறைச்சா மிச்சத்தை அதுகள் குடிக்கும். முந்தி மாடு கன பேரிட்டை இருந்தது, தொட்டியும் நிறைஞ்சு கிடந்தது. இப்ப மாடு வைச்சிருந்தவையள் வெளியாலை போட்டினம்" என்றார்.

இதுதான் பதில். குதிரைக்கென்று யாரும் தண்ணீர் வைக்கவில்லை. மாட்டுக்கு வைத்ததை அது பகிர்ந்து குடித்தது. யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் ஒரு காலத்தில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் கட்டிவைத்த பழக்கத்தோடு சேர்ந்தது அது. போரிலும் இடப்பெயர்விலும் சனம் குறைய மாடு குறைந்தது, மாடு குறையத் தொட்டி காய்ந்தது. குதிரைகளின் கஷ்டத்தை வரட்சியின் கணக்கில் மட்டும் எழுதிவிடுகிறோம். தீவை விட்டுப் போன வீடுகளின் கணக்கிலும் அது இருக்கிறது.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நல்ல விடயம். ஆனால் பூங்கா எல்லைக்கல் தண்ணீர் இறைக்காது. மன்னாரில் தெருவில் திரியும் கழுதைகளுக்காக ஒரு சிகிச்சை நிலையமும் கற்கை மையமும் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கே போய்க் கழுதையைத் தொட்டு, தடவி, அதன் உடம்பைப் பற்றி அறிகிறார்கள். கழுதைக்குக் கிடைத்தது குதிரைக்கு ஏன் கிடைக்கக்கூடாது? பெரிய கட்டடம் வேண்டியதில்லை. லாயத்தின் தூண்களுக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக்கொட்டிலும், பழையவர்கள் வந்து பேச ஒரு நாளும், தண்ணீர்த் தொட்டிகளைப் பொறுப்பேற்க ஓர் ஊர்க் குழுவும் போதும்.

அங்கே சொல்லிக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. ஒரு கூட்டத்தில் ஓர் ஆண்குதிரையும் சில பெட்டைகளும் குட்டிகளும் இருக்கும். குட்டி வயிற்றில் பதினொரு மாதம் இருக்கும். ஆகவே வரட்சியில் துரத்தப்படும் பெட்டை ஓர் உயிரோடு இன்னோர் உயிரையும் சுமந்துதான் ஓடுகிறது. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. அன்று ஒரு சுற்றுலாக் கூட்டம் பாணையும் பிஸ்கற்றையும் பையோடு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். தின்றது ஒத்துவராவிட்டால் வெளியே தள்ள அதற்கு வழியில்லை, வயிற்றுவலியிலேயே செத்துப்போகும். இதைச் சொன்ன பிறகு எங்கள் பிள்ளைகளில் இருவர் தங்கள் பாணைப் பைக்குள் திருப்பி வைத்தார்கள்.

குதிரை எங்களுக்கு அந்நியமில்லை. கோயில் வேட்டைத் திருவிழாவில் சுவாமி குதிரை வாகனத்தில்தான் புறப்படுகிறார். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி கீரிமலையில் நீராடி அந்த முகம் நீங்கப்பெற்ற கதையில் இருந்தே மாவிட்டபுரம் பெயர் பெற்றதாகச் சொல்வார்கள். 'மா' என்றால் குதிரை. மரக்குதிரைக்கு வருடத்துக்கு ஒரு தடவை வர்ணம் பூசுகிறோம்.

திரும்பி வரும் படகில் அந்தப் பிள்ளை கொப்பியை விரித்துத் தீவின் படம் ஒன்றைக் கீறிக்கொண்டிருந்தாள். முதியவர் காட்டிய நான்கு தொட்டிகளையும் அதில் குறித்திருந்தாள். தண்ணீர் இருந்த இரண்டுக்கும் நீல நிறம் அடித்திருந்தாள். ஆவணியில் திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்று சொன்னாள். படகுக் கட்டணத்துக்கு இப்போதே காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம்.