தரவையை யார் தின்றது?

இரண்டாம் வருடத்தில் ஒரு விரிவுரை. ஊருக்குப் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலத்தைக் கற்பனை பண்ணச் சொன்னார் விரிவுரையாளர். எல்லாரும் அதில் மாடு விடலாம். ஒருவர் ஒரு மாட்டைக் கூட்டி விட்டால் அதன் லாபம் முழுக்க அவருக்கு. புல்லுக் குறையும் நட்டமோ ஊருக்கே பங்கு. அதனால ஒவ்வொருத்தரும் ஒரு மாட்டைக் கூட்டுவார், இன்னொன்றைக் கூட்டுவார், கடைசியில் நிலம் மொட்டையாகும். 1968இல் கரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய வாதம் இது. பொதுவாக இருப்பது அழியும், ஆகவே ஒன்றில் அரசு எடுக்கவேணும், இல்லாட்டித் தனியாருக்குக் குடுக்கவேணும் என்பது அதன் முடிவு.

வகுப்பில் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். ஆனால் மனதுக்குள் எங்கட பெரியப்பாவின் முகம் வந்தது. படுவான்கரையில் நாற்பது வருடத்துக்கு மேல் பட்டி வைத்திருந்தவர். அந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் ஹார்டினின் கதையை அவருக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அந்த ஊரில மனிசர் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறதே இல்லையா மனே?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறது.

மட்டக்களப்பில் மாடு வளர்ப்பது தனித் தொழில் இல்லை. அது வேளாண்மையோடு சேர்ந்து சுற்றும் ஒரு சில்லு. ஐப்பசி மழைக்கு முன்பின்னாக வட்டைகளில் பெரும்போக விதைப்பு நடக்கும். அதற்கு முன் மாடுகள் வயலை விட்டு வெளியேறியாக வேணும். பட்டிக்காரர்கள் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே, காட்டோரத் தரவைகளுக்குப் போவார்கள். அங்கே வாடி போட்டு, காலை அடைத்து, மாரி முழுக்க இருப்பார்கள். பங்குனியளவில் அறுவடை முடிந்ததும் மாடுகள் திரும்பி வரும். வயலில் கிடக்கும் வைக்கோலும் தாளடியும் மாட்டுக்கு, மாட்டின் சாணமும் சலமும் வயலுக்கு. காசு கைமாறாத கொடுக்கல் வாங்கல் அது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், மாடு இல்லாத மாதங்களில் தரவை ஓய்வெடுக்கிறது என்பது. மாடு வயலுக்கு இறங்கினால் காட்டோரப் புல்லுக்கு மூச்சு. மாடு காட்டுக்கு ஏறினால் வயலுக்கு மூச்சு. தரவைக்குள்ளேயும் ஒரே இடத்தில் பட்டியை வைத்திருக்க மாட்டார்கள். "காலை சேறாகினா இடம் மாத்தோணும். மறுகா அந்த இடத்திலதான் நல்ல புல் வரும்" என்பது பெரியப்பாவின் பேச்சு.

பெரியப்பா அனுபவத்தில் சொன்னதை பிரான்சில் அந்திரே வோய்சின் என்பவர் 1957இல் புத்தகமாக எழுதினார். அவர் தன் பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டே புல்லின் வளர்ச்சியை ஆராய்ந்தவர். கடித்த புல் முதலில் மெதுவாகத்தான் தளிர்க்கும், வேரில் மிச்சமிருக்கும் சேமிப்பைத்தான் செலவழிக்கும். கொஞ்சம் இலை வந்தபிறகே வேகமாக வளரும். அந்த வேகம் வருமுன் மாடு திரும்ப வந்து கடித்தால் வேர் களைத்துச் சாகும். ஆகவே ஒரு நிலத்தில் எத்தனை மாடு நிற்கிறது என்பதை விட, அவை எவ்வளவு காலம் நிற்கின்றன, எவ்வளவு காலம் கழித்துத் திரும்பி வருகின்றன என்பதே முக்கியம். இன்று 'சுழற்சி முறை மேய்ச்சல்' என்று பயிற்சிப் பட்டறைகளில் படிப்பிப்பதன் அடிப்படை இதுதான். சின்னப் பண்ணையில் வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்வதை, எங்கட ஆக்கள் ஒரு மாவட்டத்தின் அகலத்தில் மழையை வைத்துச் செய்தார்கள்.

அடுத்தது, "கதைக்கிறதே இல்லையா" என்ற கேள்வி. சுவிற்சர்லாந்தின் மலைக் கிராமமான டோர்பெல்லில் 1517இல் எழுதிய ஒரு விதி இருக்கிறது. பனிக்காலத்தில் தன் சொந்த வைக்கோலில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டை மட்டுமே ஒருவர் கோடையில் பொது மலை மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மீறினால் தண்டம். தண்டம் அறவிடும் ஊர் அலுவலருக்கு அதில் பாதி. அந்த மேய்ச்சல் நிலம் நூற்றாண்டுகள் கடந்தும் அழியவில்லை. எலினோர் ஒஸ்ரோம் 1990இல் வெளியிட்ட நூலில் இந்த ஊரையும், வேறு நாடுகளின் காடு, நீர்ப்பாசன அமைப்புகளையும் வைத்து, மக்கள் தாங்களே விதி போட்டுப் பொதுச்சொத்தைக் காக்க முடியும் என்று காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹார்டினும் பின்னாளில், தான் சொன்னது ஒழுங்கு இல்லாத பொதுவெளியைப் பற்றித்தான் என்று திருத்திக்கொண்டார்.

அப்படியெண்டால் எங்கட தரவைகள் ஏன் சுருங்கின?

பதிலில் ஒரு பகுதி சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடு, தரிசு, குடியில்லாத, பயிரிடாத நிலமெல்லாம் மறுதலையாக நிரூபிக்கும் வரை முடிக்குரியது என்றது. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேவைப்பட்ட காலம் அது. 1897இன் தரிசு நிலக் கட்டளைச்சட்டம் அதை இன்னும் இறுக்கியது. தரவை என்பது பயிரிடாத நிலம். வருடத்தில் பாதி நாள் அங்கே ஆளும் இல்லை, மாடும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அது வெறும் நிலம். நிலத்துக்கு ஓய்வு குடுத்ததே உரிமைக்கு எதிரான சாட்சியாக மாறியது!

1876இல் கால்நடை அத்துமீறல் கட்டளைச்சட்டம் வந்தது. மாடு அடுத்தவன் பயிருக்குள் போனால் நட்டம் கணக்கிட்டு அறவிடும் சட்டம். பயிர்க்காரனுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மாடு எங்கே போகக்கூடாது என்று அது சொன்ன அளவுக்கு, எங்கே போகலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் வந்தபோதுதான், முடிக்குரிய காணியை ஒதுக்கக்கூடிய தேவைகளின் பட்டியலில் கிராம விஸ்தரிப்பு, கிராமக் காடு ஆகியவற்றோடு 'கிராம மேய்ச்சல் நிலம்' என்ற சொல்லும் இடம்பிடித்தது. பட்டியலில் சொல் இருப்பதும் தரையில் எல்லைக்கல் இருப்பதும் ஒன்றில்லை. மேய்ச்சற்தரையை வர்த்தமானியில் அறிவியுங்கள் என்று பண்ணையாளர்கள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு பெரிய திட்டங்கள். 1949இல் கல்லோயா. அம்பாறை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி, 1961இல்தான் தனி மாவட்டமானது. 1977இல் துரித மகாவலித் திட்டம், 1979இல் மகாவலி அதிகார சபைச் சட்டம். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா. ஒரு பக்கம் குடியேற்றமும் வாய்க்காலும், மறுபக்கம் வனவிலங்குச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் மாடு. எங்கட பக்கத்திலும் குளத்து நீர் பாய்ந்த வயல்களில் சிறுபோகம் செய்யத் தொடங்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இரண்டு போகம் செய்கிற வயலில் மாட்டுக்குத் தாளடி கிடைப்பது கொஞ்ச நாள்தான். சில்லின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தேய்ந்தது.

யுத்தம் மிச்சத்தைச் செய்தது. 2007இல் படுவான்கரைச் சனம் ஒரே மூச்சில் இடம்பெயர்ந்தபோது பெரியப்பா பட்டியைத் திறந்துவிட்டுத்தான் ஓடிவந்தார். திரும்பிப் போய்க் காடெல்லாம் தேடி, குறி பார்த்துச் சேர்த்தது பாதிக்கும் குறைவு.

மயிலத்தமடு, மாதவனை என்ற பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகாவலி வலயத்துக்குள் வரும் அந்தத் தரைகளில் வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்கிறார்கள், மாடுகள் வெட்டுக்காயத்தோடும் சூட்டுக்காயத்தோடும் திரும்பி வருகின்றன என்று பண்ணையாளர்கள் சொன்னார்கள். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். நாள் கணக்கு மாதக் கணக்காகி, மாதம் வருடத்தைத் தாண்டியது. அந்த நவம்பரில் ஆதரவாகப் போன யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் சிலர் கைதானார்கள். செய்திகளில் இது இனப்பிரச்சினையாக மட்டும் வந்தது. அது இனப்பிரச்சினைதான். கூடவே 1840இல் தொடங்கிய ஒரு கேள்வியும்தான்: உழாத நிலம் யாருடையது?

இந்த இடத்தில் எங்கட பக்கக் குறையையும் எழுதாவிட்டால் இது வரலாறாக இராது, புலம்பலாகிவிடும். பட்டி வைத்திருந்தவர் எல்லாரும் பெரியப்பா மாதிரி நாலைந்து மாதம் வாடியில் படுத்தவர்கள் இல்லை. நூற்றுக்கணக்கில் மாடு வைத்துக்கொண்டு, கூலிக்கு ஆள் விட்டு, பட்டியைக் கண்ணால் காணாத முதலாளிமாரும் இருந்தார்கள். ஒருவர் எத்தனை மாடு விடலாம் என்று எங்கட ஊரில் யாரும் உச்சவரம்பு போடவில்லை. காடு பெரிதாக இருந்த காலத்தில் அது தேவைப்படவும் இல்லை. டோர்பெல் ஊரார் எழுதி வைத்தார்கள், நாங்கள் பழக்கத்தில் வைத்தோம். பழக்கத்தை நீதிமன்றத்திலோ கச்சேரியிலோ தூக்கிக் காட்டுவது கஷ்டம்.

இப்போது கேட்டால், வீட்டில் கோ-3 புல் நடச் சொல்கிறார்கள். கோயம்புத்தூரில் உருவாக்கி இங்கே வந்த கலப்பின நேப்பியர் புல் அது. தண்ணீர் இருந்தால் திரும்பத் திரும்ப வெட்டலாம். நாலு கறவை வைத்திருக்கும் வீட்டுக்கு உண்மையிலேயே உதவும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கிணறு வேணும், பசளை வேணும், தினமும் வெட்டிச் சுமக்க ஆள் வேணும். ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு லீற்றர் மட்டும் கறக்கும் நாட்டு மாட்டுப் பட்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நாட்டு மாட்டின் பலமே, செலவில்லாமல் நடந்து போய்த் தின்று வருவதுதான். நடக்க இடம் இல்லையென்றால் அதை வளர்க்கக் காரணமும் இல்லை.

பெரியப்பா போன வருடம் கடைசிப் பட்டியையும் வித்துப்போட்டார். வாங்கினவர் வளர்க்க வாங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். வீட்டில் யாரும் அதைப்பற்றிக் கதைக்கிறதில்லை. குறிசுடும் இரும்பு மட்டும் இன்னும் கோடிப்பக்கம் கூரையில் செருகியிருக்கிறது.

நான் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மாடு எந்த வழியால் போனது, எந்த மடுவில் தண்ணி குடித்தது, எந்தத் தரவையில் எந்த மாதம் யாருடைய பட்டி நின்றது என்று பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இதுவரை முப்பத்தேழு இடப்பெயர். அதில் பாதிக்கு மேல் நான் பார்த்த எந்த வரைபடத்திலும் இல்லை. உங்கள் வீட்டிலும் மாடு சாய்த்த ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு கொப்பியோடு போய்ப் பக்கத்தில் இருங்கள். எந்தத் தரை, எந்த மாதம், யார் பட்டி என்று கேளுங்கள். நாளைக்கு அந்த நிலம் வெறும் நிலம் என்று யாராவது சொன்னால், காட்டுவதற்கு எங்கள் கையில் ஏதாவது இருக்க வேணும்.