கொல்லிமலையில் நரம்புச் சிலந்தியும் குடிநீர்ப் பணியும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்தது. 1997க்கு முன் சேலம் மாவட்டத்தில் இருந்தது, இப்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் வாழவந்தி நாடு, சேலூர் நாடு என ‘நாடு’களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஆகாய கங்கை அருவி கொட்டும் இந்த மலையிலும் குடிநீர் வழியே பரவிய ஒரு நோய் மக்களை முடக்கியது. அதுதான் நரம்புச் சிலந்தி.

பெயரில் சிலந்தி இருந்தாலும் இது ஒரு புழு. நூல்போல் மெலிந்து ஒரு மீட்டர் வரை வளரும். காலில் கொப்புளமாக வெளிப்படும்போது தீயாக எரியும். எரிச்சல் தாங்காமல் காலை நீரில் நனைத்தால், புழு ஆயிரக்கணக்கான இளம்புழுக்களை அதில் விட்டுவிடும். நீர்த்தெள்ளுகள் அவற்றை விழுங்கும். அந்த நீரைக் குடித்தவருக்குச் சுமார் ஓராண்டு கழித்துக் கொப்புளம் கிளம்பும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. வெளியே தெரியும் நுனியைக் குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துபோனால் கால் வீங்கிச் சீழ்பிடிக்கும்.

1913இல் மலையில் குடியேறிய ஆங்கிலேயத் தம்பதியர் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். மதப்பணிக்காக வந்தவர்கள் வைத்தியமும் பார்த்தனர். ஜெஸ்ஸி பொறுமையாகப் புழுக்களைச் சுற்றி எடுத்தார். ஆனால் எத்தனை புழு எடுத்தாலும் அடுத்த ஆண்டும் அதே கூட்டம் வந்து நிற்கும். எனவே கிணற்றுக்குள் யாரும் இறங்காதபடி சுற்றிலும் கல்சுவர் எழுப்பச் சொன்னார். குச்சி வைத்தியத்தைவிட இந்தச் சுவர்தான் பெரிய மருத்துவம் எனலாம். ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். முதுமையில் ஓய்வுபெறச் சொல்லியும் கேளாத ஈவ்லின், குதிரையேறி மலை மலையாகச் சென்று நரம்புச் சிலந்தியோடு போராடினார், 1974இல் மறைந்தார். 1914இல் பிறந்த இவர்களின் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவர்.

நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் 1980களில் வந்தது. நீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள், நீர்த்தெள்ளைக் கொல்ல மருந்து தெளித்தார்கள், இறங்கி மொள்ளும் படிக்கிணறுகளை மேலிருந்து இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். தமிழ்நாடு அந்தப் பத்தாண்டிலேயே விடுபட்டது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் இராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்ததாக நாட்டுக்குச் சான்று அளித்தது.