சிறிய காருக்கு 91 போதுமா, 95 வேண்டுமா? பெட்ரோலின் ஆக்டேன் எண் குறித்த விளக்கம்

புது டெல்லி: பெட்ரோல் நிலையங்களில் "எவ்வளவுக்கு?" என்று கேட்பதற்கு முன்பே "சாதாரணமா, பிரீமியமா?" என்று ஊழியர்கள் கேட்பது நாட்டின் பல நகரங்களில் வழக்கமாகிவிட்டது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எக்ஸ்பி95, எக்ஸ்பி100, இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் வரிசை, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு வரிசை என உயர்ரகப் பெட்ரோல்கள் சாதாரணப் பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. மாதத் தவணையில் வாங்கிய சிறிய காரில் அலுவலகம் சென்று வருபவருக்கும், அத்தகைய காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கும் இந்தக் கேள்விக்கான விடை மாதச் செலவைப் பாதிக்கக்கூடியது. விலை அதிகமானது என்பதால் அது காருக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பெரும்பாலான சிறிய கார்களைப் பொறுத்தவரை அது சரியன்று.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் தூய்மையையோ, வலிமையையோ, அதில் அடங்கிய ஆற்றலையோ குறிப்பதன்று. அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கி, தானாகத் தீப்பற்றாமல் இருக்கும் திறனை மட்டுமே அது குறிக்கிறது. பெட்ரோல் என்ஜினின் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. உரிய நொடியில் ஸ்பார்க் பிளக் தீப்பொறியை உண்டாக்க, தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். அத்தீ வந்து சேர்வதற்கு முன்பே, மறுமுனையில் இருக்கும் கலவை வெப்பம் தாளாமல் தானாக வெடித்து எரிந்தால் அதற்கு நாக்கிங் என்று பெயர். மேடேறும்போது என்ஜினிலிருந்து சிறு உலோகத் துண்டுகள் குலுங்குவது போல எழும் ஓசை அதுவே. தொடர்ந்து நேர்ந்தால் பிஸ்டனையும் அதைச் சார்ந்த பாகங்களையும் அது சேதப்படுத்தும்.

இதை அளப்பதற்கு இரு வேதிப்பொருள்கள் அளவுகோலாக வைக்கப்பட்டுள்ளன. எளிதில் தானாகத் தீப்பற்றாத ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், உடனே தீப்பற்றும் ஹெப்டேனுக்கு 0 என்றும் மதிப்பு தரப்பட்டுள்ளது. சோதனை என்ஜினில் ஒரு பெட்ரோல், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல நடந்துகொண்டால் அதன் ஆக்டேன் எண் 91. இந்த எண்ணுக்கு ஆற்றலோடு நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு எத்தனாலே சான்று. அதன் ஆக்டேன் எண் ஏறத்தாழ 108. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அப்படியானால் பந்தயக் கார்களும் விலையுயர்ந்த கார்களும் உயர் ஆக்டேன் பெட்ரோலை நாடுவது ஏன்? கலவையை எவ்வளவு அதிகமாக அழுத்துகிறோமோ, அவ்வளவு அதிக வேலையை அதே எரிபொருளிலிருந்து பெறலாம். ஆகவே அந்த என்ஜின்கள் உயர் அழுத்தத்தில் இயங்கும்படி அமைக்கப்படுகின்றன. சாதாரணப் பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்காது. வேகத்தைத் தருவது என்ஜினின் அமைப்பு. உயர் ஆக்டேன் பெட்ரோல் அந்த அமைப்பு இடையூறின்றி இயங்க இடம் கொடுக்கிறது. அத்தகைய அமைப்பே இல்லாத காரில் அதை ஊற்றினால் இடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்

எந்தப் பெட்ரோல் பொருத்தமானது என்பதைக் காரைத் தயாரித்த நிறுவனமே எழுதிவைத்திருக்கிறது. பெட்ரோல் தொட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட சீட்டிலோ, காருடன் தரப்படும் கையேட்டிலோ அந்த எண்ணைக் காணலாம். இந்தியச் சந்தைக்கான பெரும்பாலான சிறிய கார்கள் 91 ஆக்டேனில் குறைவின்றி இயங்கும்படியே அமைக்கப்படுகின்றன. நாடு முழுவதும், சிற்றூர்கள் உட்பட, கிடைக்கும் பெட்ரோல் எதுவோ அதற்கேற்ப என்ஜினை அமைப்பதே தயாரிப்பாளருக்கு இயல்பானது.

கையேட்டைப் படிக்கும்போது ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். "குறைந்தபட்சம் 91" என்று மட்டும் இருந்தால் விவாதத்துக்கு இடமில்லை. சாதாரணப் பெட்ரோல் போதும். "95 பரிந்துரைக்கப்படுகிறது, குறைந்தபட்சம் 91" என்று இருந்தால், 91 ஊற்றுவதால் என்ஜினுக்குத் தீங்கில்லை. ஆனால் அதன் முழுத்திறன் 95-இல்தான் வெளிப்படும். டர்போ என்ஜின் பொருத்தப்பட்ட சில கார்களில் இத்தகைய குறிப்பைக் காணலாம். "குறைந்தபட்சம் 95" என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே செல்லக்கூடாது.

இணையத்தில் அமெரிக்க அறிவுரைகளைப் படிப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. அங்குச் சாதாரணப் பெட்ரோலின் எண் 87 என்று எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்து இந்தியப் பெட்ரோல் அமெரிக்கப் பெட்ரோலைவிட மேலானது என்று சிலரும், 91 என்பது அங்கே பிரீமியம் என்பதால் தம் காருக்கும் அதுவே பிரீமியம் என்று சிலரும் முடிவு செய்கின்றனர். இரண்டும் பிழை. இந்தியாவும் ஐரோப்பாவும் ஆர்.ஓ.என். என்ற அளவைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவில் அந்த எண்ணையும், இன்னும் கடுமையான சோதனையில் கிடைக்கும் எம்.ஓ.என். என்ற எண்ணையும் கூட்டிச் சராசரி எடுக்கின்றனர். எனவே அங்குள்ள 87, இங்குள்ள 91-க்கு ஏறத்தாழச் சமம்.

விலை அதிகமான பெட்ரோல் எல்லாமே உயர் ஆக்டேன் பெட்ரோல் அல்ல என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. சிலவற்றில் என்ஜினைத் தூய்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும்; ஆக்டேன் எண் சாதாரணப் பெட்ரோலுடையதாகவே இருக்கும். பெயரைப் பார்க்காமல் பம்பில் எழுதியுள்ள எண்ணைப் பார்ப்பதே வழி. பிராண்டு பெயரில் விற்கப்படும் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரியும் சற்றுக் கூடுதல் என்பதால், விலை வேறுபாட்டின் ஒரு பகுதி வரியாகவே போகிறது.

கணக்கு என்ன சொல்கிறது

லிட்டருக்கு 18 கிலோமீட்டர் மைலேஜ் தரும் சிறிய கார் ஒன்று மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 55.5 லிட்டர் பெட்ரோல் தேவை. சாதாரணப் பெட்ரோல் லிட்டர் 95 ரூபாய், 95 ஆக்டேன் பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 390 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். ஆண்டுக்கு 4,600 ரூபாய்க்கு மேல். இந்தச் செலவை மைலேஜிலேயே ஈடுகட்ட வேண்டுமானால், 18 கிலோமீட்டர் ஓடிய கார் 19.3 கிலோமீட்டர் ஓட வேண்டும். 91-க்காக அமைக்கப்பட்ட என்ஜினில் பெட்ரோலை மாற்றுவதால் மட்டும் ஏழு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட உயர்வை எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை.

100 ஆக்டேன் பெட்ரோலின் கணக்கு இன்னும் வெளிப்படையானது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அதை அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் லிட்டரின் விலை 160 ரூபாய். மேலே சொன்ன 95 ரூபாயோடு ஒப்பிட்டால் மாதச் செலவு ஏறத்தாழ 3,600 ரூபாய் உயரும். செலவு சமமாக வேண்டுமானால் அதே கார் லிட்டருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். இந்த வகைப் பெட்ரோல் உயர்திறன் கார்களையும் பைக்குகளையும் மனத்தில் கொண்டு விற்பனைக்கு வந்தது. அதைச் சிறிய காரில் ஊற்றுவது தீங்கு செய்யாது; பணத்தை மட்டுமே கரைக்கும்.

பயன் ஏன் குறைவு என்பதற்கு விடை என்ஜினில் இருக்கிறது. இன்றைய கார்களில் நாக்கிங்கை உணரும் சென்சார் பொருத்தப்பட்டுள்ளது. ஓசையின் அறிகுறி தெரிந்ததும் என்ஜினின் கணினி தீப்பொறியின் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளிவிடுகிறது. உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைத்தால் அந்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரவும் அதனால் முடியும். ஆனால் தயாரிப்பாளர் வகுத்த எல்லை வரைதான். 91-இலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும் என்ஜினுக்கு 95 கொடுத்தாலும் 100 கொடுத்தாலும் அதற்குமேல் நகர வழியில்லை.

எத்தனால் கலப்பால் மாறிய நிலைமை

ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் கைவிடப்பட்டது. ஆக்டேனை உயர்த்துவதற்கு அதுவரை மலிவான வழியாக இருந்தது ஈயமே. அந்த இடத்தில் இன்று பெரும் பங்கு வகிப்பது எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் பிரதமரால் அறிமுகப்படுத்தப்பட்டது. முன்பு 88 ஆக இருந்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் பின்னர் 91 ஆனது என்றும், 20 விழுக்காடு எத்தனால் கலப்பால் அது 95 ஆக உயர்கிறது என்றும் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது. அதன்படி பார்த்தால், இ20 கிடைக்கும் இடத்தில் ஆக்டேனுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதற்கான காரணம் இன்னும் குறைந்துவிடுகிறது.

ஆகவே கார் உரிமையாளர் கேட்க வேண்டிய கேள்வியும் மாறிவிட்டது. தம் கார் எந்த ஆக்டேனை ஏற்கும் என்பதைவிட, எவ்வளவு எத்தனாலை ஏற்கும் என்பதே இன்று முக்கியம். 2023 ஏப்ரல் முதல் வந்த கார்களின் பாகங்கள் இ20-ஐத் தாங்கக்கூடியவை. அதற்கு முந்தையவை பெரும்பாலும் இ10-க்காக அமைக்கப்பட்டவை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு இ10-க்குச் சீரமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் இ20-ஆல் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இ10-க்காக வடிவமைக்கப்பட்டு இ20-க்குச் சீரமைக்கப்பட்டவற்றில் குறைவு 1 முதல் 2 விழுக்காடுதான் என்றும் அது கூறியது. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம், அதற்கான செலவு குறைவே என்பது அமைச்சகத்தின் நிலைப்பாடு. எத்தனால் கலவாத பெட்ரோலையும் விற்க வேண்டும் எனக் கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்நிலையில், எத்தனால் இருக்காது என்ற எண்ணத்தில் உயர்ரகப் பெட்ரோலை நாடும் பழைய கார் உரிமையாளர்கள் பலர். 95 ஆக்டேன் என்பதற்கு எத்தனால் இல்லாதது என்று பொருளில்லை. எத்தனாலே அந்த எண்ணைத் தந்திருக்கவும் கூடும். சந்தேகமிருப்பவர்கள் பம்பில் உள்ள குறிப்பைப் பார்த்தோ, நிலையத்தில் கேட்டோ தெளிவு பெறுவது நல்லது.

எப்போது 95 பயன்படும்

ஆக்டேன் தேவை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ராஜஸ்தானிலோ விதர்பாவிலோ மே மாத நண்பகலில், ஐந்து பேருடனும் பெட்டிகளுடனும், ஏ.சி. ஓட, மலைப்பாதையில் ஏறும் சிறிய என்ஜின் மிகுந்த வெப்பத்துக்கு ஆளாகிறது. காற்று அடர்த்தி குறைந்த லே போன்ற உயரமான இடங்களில் இத்தேவை குறையும். பல ஆண்டுகள் ஓடிய என்ஜினின் உட்புறத்தில் கரி படிந்தால் தேவை கூடும்.

எனவே ஓசை கேட்டதும் பெட்ரோலை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உள்ளன. குறைந்த வேகத்தில் உயர்ந்த கியரில் மேடேறுவதே பல நேரங்களில் காரணம். ஒரு கியர் குறைத்தால் ஓசை அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஸ்பார்க் பிளக், குளிர்விப்பான் நீர், கரிப்படிவு ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பழுதை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த பெட்ரோலால் ஓசையை மட்டும் மறைப்பது, காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் மாத்திரை விழுங்குவதைப் போன்றது. எல்லாம் சரியாக இருந்தும் ஓசை நீடித்தால் 95 ஆக்டேனைச் சோதித்துப் பார்க்கலாம். இரு வகைப் பெட்ரோலும் தொட்டியில் கலப்பதால் கேடில்லை. ஒருமுறை பிரீமியம் ஊற்றினால் பிறகு சாதாரணத்துக்குத் திரும்பக்கூடாது என்று சொல்லப்படுவதிலும் உண்மையில்லை.

சோதிப்பவர்கள் காரின் திரையில் தோன்றும் மைலேஜை மட்டும் நம்பாமல், தொட்டியை நிரப்பி ஓட்டமானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே நிலையத்தில் மீண்டும் நிரப்பி, பிடித்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். ஒரே ஒரு நிரப்பலில் போக்குவரத்து நெரிசலும் வானிலையும் கணக்கைப் புரட்டிவிடும். ஆகவே அதே வழித்தடத்தில், ஒவ்வொரு பெட்ரோலிலும் குறைந்தது மூன்று முறையேனும் அளந்து, கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் செலவானது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அந்தக் காருக்கான விடை கிடைத்துவிடும்.